பன்னிரண்டாம் பாகையைக் கடந்து நடந்தவர்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, விக்கிரவாண்டிக்குச் சற்றுத் தெற்கே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்காகக் கடக்கிறது. அது 12 பாகை வட அட்சரேகை. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்கள் அந்தக் கோட்டில்தான் பிரிகின்றன. திண்டிவனம் 57-ஆம் வரிசைத் தாளில் இருக்கிறது. விழுப்புரம் 58-ஆம் வரிசைத் தாளில் இருக்கிறது. அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் கடந்துவிடும் நிலப்பரப்பை ஒரே படமாகப் பார்க்க விரும்பும் மாணவர் இரண்டு தாள்களையும் கணினியில் ஒட்டியாக வேண்டும்.

ஜிஐஎஸ் என்று சுருக்கமாக வழங்கும் புவியியல் தகவல் அமைப்பை இந்த வட்டாரத்தில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கற்பிப்பவன் நான். தொடக்கப் பாடங்களைத் தாண்டி இரண்டாம் நிலைக்கு வரும்போது மாணவர்கள் செய்யும் முதல் பயிற்சிகளில் ஒன்று, பழைய அரசு வரைபடத்தை வருடியெடுத்துக் கணினியில் ஏற்றி, அதன்மேல் இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் போர்த்துவது. ஏற்றியதும் ஏரிக்கரை இரண்டாகத் தெரியும். பழைய படத்தின் கோவில் புதிய படத்தில் வயலுக்குள் நிற்கும். விலகல் சில அடிகள் அல்ல, நூறு மீட்டருக்கும் மேல். மென்பொருளில் கோளாறு என்பார்கள் சிலர். ஏரியையே நகர்த்திவிட்டார்கள் என்று சிரிப்பார்கள் சிலர். பெரும்பாலோர் படத்தைச் சுட்டியால் இழுத்துக் கண்ணுக்குப் பொருந்தும் இடத்தில் வைத்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவார்கள்.

கோளாறு மென்பொருளில் இல்லை. பூமியின் வடிவத்தைப் பற்றிய இரண்டு வேறு கணக்குகள் அங்கே மோதுகின்றன. அவற்றுள் பழைய கணக்கின் வேர் இந்த மண்ணில்தான் இருக்கிறது. 1802-லும் அடுத்த ஆண்டிலும் இந்தப் பகுதி வழியாக முக்கோணம் முக்கோணமாக அளந்து சென்ற வில்லியம் லாம்ப்டனின் வாழ்க்கையை அறியாமல் அந்த மோதலைப் புரிந்துகொள்வது கடினம் என்பது என் எண்ணம். ஜிஐஎஸ் பாடநூல்களில் அவர் பெயர் வந்தால் ஒரு வரியில் வரும். வராத நூல்களே மிகுதி.

லாம்ப்டன் 1750-களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், வசதியற்ற வேளாண் குடும்பமொன்றில் பிறந்தவர். கணிதத்தில் சிறு வயதிலேயே தேர்ச்சி காட்டியிருக்கிறார். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் ஏழை வீட்டுக் கணிதத் திறமைக்குப் படைதான் வாசல். 1781-இல் காலாட்படையின் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டில் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது கைதானார். விடுதலைக்குப் பின் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் படை முகாம்களைப் பராமரிக்கும் எளிய பதவியில் பத்தாண்டுக்கு மேல் கழித்தார். குடியேறிகளுக்கு நிலம் பிரித்தளிக்கும் அளவைப் பணியில் அங்கே அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. சூரிய கிரகணம் ஒன்றைக் கவனிக்கப் போய் ஒரு கண்ணின் பார்வையும் பழுதடைந்தது. பின்னாளில் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொடியைத் தொலைநோக்கியில் தேடப் போகிறவர் ஒற்றைக் கண்ணை நம்பித்தான் அதைச் செய்தார் என்பது வியப்புக்குரியது.

1790-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கூச்ச சுபாவம், எளிய உடை, விருந்துகளில் பேச்சின்மை; பதவி உயர்வு நாடும் அதிகாரிக்குரிய இலக்கணம் ஒன்றும் அவரிடம் இல்லை. அவர் சேர்ந்த 33-ஆம் படைப்பிரிவின் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெல்லிங்டன் பிரபுவாகி, வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். அந்த நெருக்கம் லாம்ப்டனுக்குப் பின்னர் கைகொடுத்தது.

1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில், ஜெனரல் பேர்டின் தலைமையில் ஓர் இரவு நடைப்பயணம். படை வடக்கே திரும்பித் தன் முகாமை அடைவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, லாம்ப்டன் வானத்தைப் பார்த்தார். விண்மீன்களின் நிலையைக் கொண்டு, படை தெற்கே திப்புவின் பாசறையை நோக்கிப் போகிறது என்பதைக் கண்டு தளபதியிடம் தெரிவித்தார். திசைகாட்டியைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே படை திரும்பியது. இதை அவருடைய வீரச் செயலாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. தன்னைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கானோர் ஒரு திசையை உறுதியாக நம்பும்போதும், அதை வேறொரு வழியில் சரிபார்க்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. அளவையாளனுக்கு வேண்டிய முதல் குணம் அது.

போர் முடிந்து மைசூர்ப் பகுதிகள் கம்பெனியின் பிடிக்குள் வந்தபோது, காலின் மெக்கன்சி அந்த நாட்டை ஊர் ஊராக அளக்கத் தொடங்கினார். லாம்ப்டன் முன்வைத்த திட்டம் வேறு வகையானது. ஊர்களையும் சாலைகளையும் வரைவதற்கு முன், தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை சில இடங்களின் நிலையைப் பிழையின்றி நிறுவ வேண்டும். அந்தப் புள்ளிகள்மீதே மற்ற வரைபடங்கள் எல்லாம் தொங்க வேண்டும். இன்றைய ஜிஐஎஸ் மொழியில் சொன்னால், கட்டுப்பாட்டுப் புள்ளிகள் முதலில், அடுக்குகள் பிறகு. அதோடு பூமியின் உண்மையான வடிவத்தைக் கண்டறியவும் இந்த அளவை பயன்படும் என்றார். 1800-இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் இதற்கு அனுமதி அளித்தார்.

எதிர்ப்பும் கிளம்பியது. ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு வழி கேட்டால் எந்தப் பல்லக்குத் தூக்கியும் காட்டிவிடுவானே, இதற்கு இத்தனை செலவு எதற்கு என்பது கம்பெனியின் கணக்கு அதிகாரிகளின் கேள்வி. வங்காளத்தை அளந்து புகழ்பெற்ற ரென்னலும் இந்த முறையின் தேவையை ஐயுற்றார். கைப்பேசியே வழி காட்டும்போது அட்சரேகை பற்றிய பாடம் எதற்கு என்று என் வகுப்பில் கேட்கும் மாணவர்கள், தம்மை அறியாமலே அந்த அதிகாரிகளின் வாரிசுகள்.

கருவிகள் வந்த கதை தனிச் சுவையுடையது. முன்னாள் சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி பிரபு 1793-இல் சீனப் பேரரசரிடம் தூது போனபோது, ஐரோப்பிய அறிவியலின் பெருமையைக் காட்ட எஃகுச் சங்கிலியும் விண்மீன் உயரம் அளக்கும் பெருங்கருவியும் உடன் சென்றன. சீன அரசவை அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கல்கத்தாவில் ஒதுங்கிக் கிடந்த அந்தப் பொருள்கள் லாம்ப்டனிடம் வந்து சேர்ந்தன. கோணம் அளக்கும் தியோடலைட்டை லண்டனில் புதிதாகச் செய்வித்தார்கள். அரை டன் எடையுள்ள அது ஏறிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிரெஞ்சு ஆளுநர் அது போர்க்கருவி அல்ல, அறிவியல் கருவி என்று கண்டு, மரியாதையோடு சென்னைக்கே அனுப்பிவைத்தார். இரு நாடுகளும் பகைமையில் இருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் வேலை தொடங்கியது. முக்கோண அளவையின் அடிப்படை எளிது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கங்களே அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடுகள். ஆக, தரையில் கையால் அளக்க வேண்டியது முதல் கோடு மட்டுமே. மற்றவை எல்லாம் கோணங்கள். ஆனால் அந்த முதல் கோட்டில் நேரும் பிழை கடைசி முக்கோணம் வரை வளர்ந்துகொண்டே போகும். எனவே பெரும்பாக்கம் பக்கமாகத் தெற்கே நீளும் ஏழரை மைல் கோட்டை, நூறு அடிச் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, தொட்டிகளை முக்காலிகளில் ஏற்றி மட்டம் பார்த்து, நானூறு முறை எடுத்து வைத்து அளந்தார்கள்.

சென்னையின் ஏப்ரல், மே வெயில் நாம் அறிந்ததே. எஃகு வெயிலில் நீளும். ஃபாரன்ஹீட்டில் ஒரு பாகை கூடினால் நூறு அடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீளும். கவலைப்பட வேண்டாத அளவு என்று தோன்றும். ஆனால் காலைக்கும் நண்பகலுக்கும் இருபது பாகை மாறுபட்டு, சங்கிலியை நானூறு முறை வைத்தால் பிழை ஐந்தடியை எட்டிவிடும். அதனால் தொட்டிதோறும் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு திருத்தினார் லாம்ப்டன். மே 22 அன்று கோடு முடிந்தது. ஏழரை மைலுக்கு ஆறு வாரம்.

பிறகு முக்கோணங்கள் தெற்கே கிளம்பின. பூமியின் ஒரு பாகை அட்சரேகை எத்தனை நீளம் என்பதை அறிவதே முதல் இலக்கு. அதற்கு வடக்கு தெற்காக ஒரு நீண்ட வில் தேவை. வில்லின் தென்முனையாக அவர் தேர்ந்தது கடலூரை அடுத்த திருவந்திபுரம். வடமுனை சென்னைக்கு வடக்கே இருந்தது. தென்முனை 11 பாகை 44 கலை. வடமுனை 13 பாகை 19 கலை. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் வைத்துப் பாருங்கள். விழுப்புரம் 11 பாகை 56 கலை. திண்டிவனம் 12 பாகை 14 கலை. திருவந்திபுரத்தின் தீர்க்கரேகையை நேர் வடக்கே நீட்டினால் அது திண்டிவனத்துக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே செல்கிறது. இந்தியாவில் அவர் அளந்த முதல் பாகை நம் ஊர்களின் தலைமேல் போன கோடு.

இந்த நிலம் அந்த வேலைக்கு ஏற்றது என்பதைப் பேருந்து சன்னலிலிருந்தே காணலாம். சமவெளியில் திடீரென எழும் தனிப்பாறைக் குன்றுகள். மேற்கே செஞ்சி மலைகள், கிழக்கே பெருமுக்கல், நடுவே முருகன் கோவிலோடு மயிலம். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையிலான கர்நாடகப் போர்களில் இந்தக் குன்றுகள் கோட்டைகளாகப் பயன்பட்டன. வந்தவாசிப் போர் நடந்து நாற்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன. படைகள் எதிரியைத் தேடிய உயரங்கள் இப்போது கொடிக்கம்பம் நடும் இடங்கள் ஆயின. கருங்குழியிலிருந்து மேற்கே வெகு தொலைவில் ஒரு மலைமேல் பறந்த கொடியைத் தொலைநோக்கியில் பிடித்து, கிழக்கு மேற்கான பாகையையும் கணக்கிட்டார். இன்று அதே திசையில் பார்த்தால், மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் காலையில்கூட அவ்வளவு தொலைவு தெரியும் என்று சொல்ல முடியவில்லை.

அந்தக் கொடியை மலை உச்சிக்குச் சுமந்தவர்கள் யார்? அரை டன் தியோடலைட்டைப் பாறைமேல் ஏற்றிய தோள்கள் யாருடையவை? உச்சியில் நாள்கணக்கில் காத்திருந்து, புலிக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிக்கொண்டு கொடியை நிமிர்த்திப் பிடித்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? அவர்கள் பெயர்கள் நம்மிடம் இல்லை. லாம்ப்டனின் வாழ்க்கையைச் சொல்லும்போது இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். சங்கிலி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். அந்த நினைப்பில் மிகை இருக்கலாம். ஆனால் அதை விலக்க எனக்கு மனமில்லை.

இருமுனைகளிலும் இரவுகள் பல விழித்து, உச்சிவானைக் கடக்கும் விண்மீன்களை அளந்து அட்சரேகைகளை நிறுவினார். தரையில் கண்ட தொலைவை வானில் கண்ட கோணத்தால் வகுத்தபோது கிடைத்த விடை: 12 பாகை 32 கலை அட்சத்தில் ஒரு பாகையின் நீளம் ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர். இன்றைய செயற்கைக்கோள் அளவைகளும் முதல் தசமத் தானம் வரை அதே எண்ணைத்தான் தருகின்றன. சங்கிலி, வெப்பமானி, ஒற்றைக் கண்.

அடுத்து மேற்கே திரும்பிய முக்கோணங்கள் 1804-இல் பெங்களூரை அடைந்தபோது ஒரு சோதனை வைத்தார். சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியாகக் கணக்கிட்டு வந்த நீளத்தை, பெங்களூரில் மறுபடி தரையில் சங்கிலியால் அளந்து ஒப்பிட்டார்கள். ஏழு மைல் கோட்டில் வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. யாரும் கேட்காத சோதனை இது. அவரே தனக்கு வைத்துக்கொண்டது. அளவைத் தொடர் மேற்குக் கடலை எட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடைத்தொலைவு 400 மைல் என்று அதுவரை வரைபடங்கள் காட்டின. அது 360 மைல்தான். தீபகற்பத்தில் நாற்பது மைல் அகலம் ஒரு கணக்கில் மறைந்தது. வழி கேட்டால் பல்லக்குத் தூக்கி காட்டுவான் என்றவர்களுக்கு அதுவே விடை.

பெங்களூர்க் கோட்டை அளந்த உதவியாளர் ஜான் வாரன், பின்னாளில் புதுச்சேரியில் வாழ்ந்து 1830-இல் அங்கேயே மறைந்தவர். தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதத்தைக் கற்று நூல் எழுதினார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர், தாளும் எழுத்துமின்றி, சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டு 1825-ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் பதிந்து வைத்தார். லாம்ப்டனின் கூடாரத்தில் பயின்ற ஒருவர் சோழிக் கணக்கையும் அதே மதிப்போடு அணுகினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

1808-இல் முக்கோணங்கள் காவிரிச் சமவெளிக்கு வந்தன. அங்கே குன்று கிடையாது. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். கோபுரங்களே குன்றுகள். தஞ்சைப் பெரிய கோவிலின் உயரத்துக்குத் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணங்கள் பொறித்த வட்டம் நெளிந்துபோனது. இன்னொரு கருவி வர ஆண்டுக்கணக்காகும்; செலவு தாளாமல் அளவையே நின்றுபோகலாம். லாம்ப்டன் யாரையும் குறை சொன்னதாகப் பதிவில்லை. கூடாரத்துக்குள் கருவியோடு அடைந்துகொண்டார். வட்டத்தைத் தாளில் வரைந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு நெளிவை மயிரிழை மயிரிழையாக இழுத்து, ஆறு வாரத்தில் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மேலும் பல ஆண்டுகள் அந்தக் கருவியே ஓடியது.

அவருடைய எண்கள் எப்போதும் ஒழுங்காகப் பொருந்திவிடவில்லை. பெங்களூர்ப் பக்கத்தில் விண்மீன் வழியாகக் கண்ட அட்சரேகையும் தரைக் கணக்கும் முரண்பட்டன. பொருந்தாத எண்ணை விலக்கிவிட்டுப் போவது எளிது. லாம்ப்டன் காரணத்தைத் தேடினார். நிலத்தடியில் அடர்ந்த பாறைகள் தூக்குக்குண்டைத் தம் பக்கம் இழுக்கின்றனவோ, நேர்கீழ் என்று நாம் நம்பும் திசையே கோணலோ என்று ஐயுற்றார். இன்று அது புவி இயற்பியலின் அரிச்சுவடி. அன்று அது தன் கருவியையும், தன் திறமையையும், பூமியையும் ஒருசேரச் சந்தேகிக்கும் துணிவு.

கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கே நீண்ட அந்த வில், அவர் வாழ்நாளிலேயே ஐதராபாத்தைத் தாண்டியது. 1817-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1818-இல் அவர் பணிக்கு இந்தியப் பெரு முக்கோண அளவை என்ற பெயர் கிடைத்தது. ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் உதவியாளராக வந்து சேர்ந்தார். முதியவரின் மந்த நடையைக் கண்டு இளைஞர் தொடக்கத்தில் ஏமாற்றமடைந்தார் என்றும், பெரிய கருவியின் முன் நின்றதும் அந்த முதுமை மறைந்துபோவதைக் கண்டு வியந்தார் என்றும் எவரெஸ்ட்டின் குறிப்புகளிலிருந்து அறிகிறோம். நாக்பூரை நோக்கிய பயணத்தில், 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் இங்கன்காட்டில் லாம்ப்டன் இறந்தார். வயது எழுபதை ஒட்டி இருக்கும். அதற்குள் 1,65,000 சதுர மைலுக்கும் மேற்பட்ட பரப்பில் முக்கோணங்களை விரித்திருந்தார். கல்லறை அங்கேயே இருக்கிறது.

எவரெஸ்ட் அந்த வில்லை இமயம் வரை கொண்டுபோனார். லாம்ப்டனின் தென்னிந்திய அளவுகளையும் சேர்த்துக்கொண்டு பூமியின் நீள்கோள வடிவத்துக்கு அவர் 1830-இல் வெளியிட்ட எண்களே எவரெஸ்ட் நீள்கோளம். உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கும் அவர் பெயர் போயிற்று. அந்தச் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் வங்காளக் கணிதர் ராதாநாத் சிக்தார். லாம்ப்டன் பெயரில் மலையும் இல்லை, நீள்கோளமும் இல்லை. பரங்கிமலையில் ஒரு மார்பளவுச் சிலை உண்டு.

என் மாணவர்களின் திரையில் ஏரிக்கரை இரண்டாகத் தெரிவதற்கு இப்போது விடை சொல்லலாம். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தின்மீது வரையப்பட்டவை. இந்தியத் துணைக்கண்டத்தில் கிடைத்த அளவுகளுக்குச் சரியாகப் படிந்த வடிவம் அது. செயற்கைக்கோள்களும் ஜிபிஎஸ்ஸும் பயன்படுத்துவது முழுப் பூமிக்கும் பொதுவான, பூமியின் மையத்தைப் பொருத்திய வேறொரு நீள்கோளம். நிலநடுக்கோட்டு ஆரத்தில் மட்டும் இரண்டுக்கும் ஏறத்தாழ 860 மீட்டர் வேறுபாடு. ஒரே ஏரிக்கு இரண்டு முகவரிகள். இரண்டும் தத்தம் கணக்கில் சரி. எந்த முகவரி எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று மென்பொருளுக்குச் சொல்வதைத்தான் டேட்டம் தேர்வு என்கிறோம். சொல்லாவிட்டால் மென்பொருள் தானே ஒன்றை ஊகித்துக்கொள்ளும். அது எச்சரிக்காது. படமும் அழகாகவே இருக்கும்.

இது தேர்வுத்தாள் விவகாரம் மட்டும் அன்று. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் உயரத்துக்கு மழை கொட்டியது. தென்பெண்ணை கரை மீறியது. ஏரிகள் உடைந்தன, வரத்து வாய்க்கால்கள் எங்கே போயின என்று ஊர்கள் தேடின. அப்படிப்பட்ட நேரத்தில் பழைய படத்தில் உள்ள வாய்க்காலை இன்றைய படத்தில் வைத்துப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை. அதைச் செய்பவர் ஒரு பட்டதாரி. ஒருவேளை என்னிடம் படித்தவர். நூறு மீட்டர் விலகினால் வாய்க்கால் ஒரு தெருவையே தாண்டிவிடும். ஆக்கிரமிப்பு என்று குறிக்கப்படும் வீடு ஆக்கிரமிப்பாக இராது. வாய்க்காலை மூடி எழுந்த கட்டடம் தப்பிவிடும். படத்தைச் சுட்டியால் இழுத்துக் கண்ணளவில் பொருத்தும் பழக்கம் கல்லூரியில் திருத்தப்படாமல் போனால், அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

லாம்ப்டனைப் போற்றுவதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. அவருடைய அளவை யாருக்குப் பயன்பட்டது என்பதை மறக்கக் கூடாது. கைப்பற்றிய நாட்டின் பரப்பை அறியவும், படை நடத்தவும், வரி வாங்கவும் கம்பெனிக்கு அது வேண்டியிருந்தது. பூமியின் வடிவத்தை அறியும் ஆர்வம் அவருடையது. செலவழித்தவர்களின் ஆர்வம் அதுவன்று. இந்த இரட்டைத்தன்மை ஜிஐஎஸ் துறைக்கு இன்றும் பொருந்தும். துல்லியமான படம் நல்லவர் கையிலும் துல்லியம்தான், அல்லாதவர் கையிலும் துல்லியம்தான். ஆனாலும், இன்று அந்த அறிவைக் கற்கும் உரிமை திண்டிவனத்துக் கிராமமொன்றின் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வந்திருக்கிறது. மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்திய பிறகு, முன்பு பூட்டியிருந்த தரவுகள் பலவும் திறந்துள்ளன. கிடைக்காமல் இருப்பது வகுப்பறைக்கு வெளியே நின்று ஒரு கோட்டையேனும் தன் கையால் அளக்கும் வாய்ப்பு. பொத்தான்களின் வரிசையைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அடுத்த பதிப்பில் பொத்தான்கள் இடம் மாறிவிடுகின்றன.

வரும் பருவத்தில் என் மாணவர்களைப் பெருமுக்கல் குன்றுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். அடிவாரத்துச் சாலையில் நேராகக் கிடைக்கும் அரை கிலோமீட்டரை டேப்பால் மூன்று முறை அளக்க வேண்டும். மூன்று விடைகளும் ஏன் வேறுபடுகின்றன என்று எழுத வேண்டும். பிறகு அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் குன்றின் உச்சிக்குக் கோணம் எடுத்து, உச்சி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தாளில் கணக்கிட வேண்டும். கைப்பேசிகளை அதுவரை என் பையில் வாங்கி வைத்துக்கொள்வேன்.